உனக்கு இனி யாரும் பெண் தரக் கூடாது

மகனே, இது அச்சில் உன் கைக்கு வருவதற்கு முன்பே ஊர் படித்திருக்கும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் பத்திரிகைக்கு இதைக் கொடுக்கிறேன். மரக்கறி வாங்க வருகிறவர்கள் எடுத்துப் போவார்கள், பேருந்தில் இருந்து படிப்பார்கள், படம் பிடித்து லண்டனுக்கும் பாரிஸுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்புவார்கள். நான் பெயர் எதுவும் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. மொன்றியலில் இருந்து இங்கிலாந்துக்குப் பொறியியல் படிக்கப் போனான் என்று ஊர் நம்பியிருக்க, அங்கே சம்பளத்துக்கு ரக்பி லீக் விளையாடிய தமிழ்ப் பெடியன் நீ ஒருத்தன்தான். வருகிற மாதம் யாழ்ப்பாணத்தில் உனக்குக் கலியாணம் என்று மாமா மண்டபம் எடுத்திருக்கிறார். அது நடக்கக் கூடாது. அது மட்டுமல்ல, இதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்தத் தமிழ்ப் பெண்ணும் உனக்குக் கிடைக்கக் கூடாது. அதனால்தான் பெற்றவளே எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் எரிச்சலில் எழுதினார்கள் என்று சொல்லிச் சனம் நம்பாமல் விட்டுவிடும்.

உனக்கு ஞாபகம் இல்லாததை எல்லாம் இப்போது நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன். மொன்றியலின் மேற்குப் பக்கம் பியர்பொன்ட்ஸில் நாங்கள் வீடு வாங்கியபோது நீ உயர்பள்ளியில் இருந்தாய். தோள் அகன்ற, படிப்பு ஏறாத பெடியன். பள்ளிக்கூடத்தில் ரக்பி விளையாடினாய், அதை நாங்கள் உடற்பயிற்சி என்று நினைத்தோம். பிறகு ஒரு ஆங்கிலேயப் பயிற்சியாளர் உன்னைக் கண்டு, பதின்மூன்று பேர் விளையாடும் மற்ற வகை ரக்பிக்கு உன் உடம்பு பொருந்தும் என்று சொல்லி, வட இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்துக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கிய உன் அப்பா, நீ பொறியியல் படிக்கப் போயிருக்கிறாய் என்று கோயிலில் எல்லாருக்கும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பிள்ளை பந்து பிடிக்கப் போனான் என்று எந்தத் தமிழ்த் தகப்பன் வாய் திறந்து சொல்வான். அப்படியே பத்து வருடத்துக்கு மேலாக நீ பொறியியல் படித்தாய். இன்னும் முடியவில்லையோ என்று யாரோ கேட்டதற்கு அப்பா கண் வெட்டாமல் மேற்படிப்பு என்றார்.

அந்த விளையாட்டை அப்பாதான் எனக்கு விளங்கப்படுத்தினார். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே வரிசையாக நிற்கிறவர்களுக்குள் ஓட வேண்டும். அவர்கள் உன்னை விழுத்துவார்கள். விழுந்தவன் உடனே எழும்பி நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். இப்படி ஆறு தரம் விழலாம், அதற்குள் ஒன்றும் செய்ய முடியாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். வேகமாக ஓடத் தெரிந்தவர்கள் ஓரத்தில் நிற்பார்கள், புள்ளி எடுப்பதும் அவர்கள், படத்தில் வருவதும் அவர்கள். நீ முன்வரிசைக்காரன். முதல் ஆளாகப் போய் மோதி எதிர்ப்பக்கத்தைக் களைக்கப் பண்ணுவதுதான் உன் உத்தியோகம். எப்படி விழுத்தினாலும் உடனே எழும்பிவிடுவான் என்று பயிற்சியாளர் உன்னைப் புகழ்ந்தாராம். அப்பா அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். எழும்பாமல் கிடந்திருந்தால் யாராவது ஒருத்தர் குனிந்து உன்னைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஒரே ஒரு தரம் நாங்கள் பார்க்க வந்தோம். காலையில் நீயே ரயில் நிலையத்துக்கு வந்து எங்கள் பெட்டிகளைத் தூக்கினாய். பின்னேரம் மழைக்குள் விளையாட்டு. உன் பெயரை அவர்கள் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் அந்தப் பாதியைத் தொண்டை கிழியக் கத்தினார். இரண்டு பேர் இரண்டு பக்கத்தாலும் வந்து உன்னோடு மோதினார்கள், உன் தலை ஒருவனின் இடுப்பில் பட்டது. நீ எழும்பினாய். எழும்பி எதிர்ப்பக்கத்து ஆட்களோடு போய் வரிசையில் நின்றாய். சனம் சிரித்தது, நானும் சிரித்தேன். உன்னை வெளியே கூட்டிப் போய் ஏதோ கேட்டார்கள், பிறகு திரும்ப உள்ளே விட்டார்கள். எல்லாம் முடிந்து ஈரத் தலையோடு வந்து எங்களைக் கட்டிப்பிடித்துக் கேட்டாய்:

"அம்மா, எப்ப வந்தனீங்கள்?"

"விடிய நீதானே ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு வந்தனீ."

"பகிடி விடாதேங்கோ."

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "வெள்ளைக்காரன் ஒரு தட்டுத் தட்டினதில பெத்தவையை மறந்திட்டான்," என்றார். வெளியே சொல்ல முடியாத பகிடி அது, வெளியில் நீ பொறியியல் அல்லவா படித்துக்கொண்டிருந்தாய். ஆகவே அதை எனக்கே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தரமும் நான் சிரித்தேன்.

உன் முழங்கால் போய், கழகம் உன்னை விட்டு, நீ வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஊரில் யாரும் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் படித்த படிப்புக்குக் கனடாவில் மதிப்பில்லைத்தானே என்று அவர்களே உனக்காகச் சமாதானம் சொன்னார்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாய். சாமானைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடுவாயாம், பின்னால் வண்டிகள் வரிசையில் நின்று ஹோர்ன் அடிக்குமாம். அனுப்பிவிட்டார்கள். நான் வேலை செய்யும் இடத்தில், விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றும் பகுதியில் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டேன். ஒரு பிளேனின் சாப்பாட்டை இன்னொரு பிளேனில் ஏற்றினாய். முதல் தரம் மேற்பார்வையாளர் சிரித்தார், அடுத்த தரம் என்னைக் கூப்பிட்டு, மகனை வீட்டில் வைத்திருங்கள் என்றார்.

அப்பா நல்ல நேரத்தில் செத்துப் போனார். அவருடைய கிரியை எல்லாம் நீதான் செய்தாய், மொட்டையும் அடித்தாய். அடுத்த கிழமை மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா இன்னும் வேலையால வரேல்லையோ?" என்று கேட்டாய். உன் தலையில் மயிர்கூட இன்னும் முளைத்திருக்கவில்லை. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மூளை மருத்துவர் ஒரு இளம் பெண், பிரெஞ்சில் தொடங்கி என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினாள். வருடக்கணக்காகத் தலையில் பட்ட அடி என்றாள். இது இன்ன நோய்தான் என்று அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் ஆள் இறந்த பிறகு மூளையை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதுவரை அந்த நோயாக இருக்கலாம் என்று மட்டும் எழுதுவார்களாம். குறையுமோ என்று கேட்டேன். கூடும் என்றாள். நீ பக்கத்தில் இருந்து நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாய்.

கூடியது. நீ இப்போது மாலையில் கணினியில் உன்னுடைய பழைய விளையாட்டுகளைப் போட்டுப் பார்க்கிறாய். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இவன் நல்லா விளையாடுறான், ஆர் அம்மா இவன்?" என்று உன்னையே காட்டிக் கேட்டாய். யாரோ ஒருத்தன் என்றேன். அதைப் பார்ப்பதை விட்டுவிடு. அதில் வரும் ஆளுக்கும் உனக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. குளிக்கும்போது கதவைப் பூட்டாதே. அடுப்பைத் தொடாதே. உனக்குப் பின்னால் யாராவது வந்தால் திரும்பிப் பார்க்கும் முன் கையை நீட்டாதே. இதையெல்லாம் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன். பனிக்காலம் முடியும் நேரத்தில் நான் துவைத்த உடுப்போடு உன் முதுகுப் பக்கம் வந்தேன். நீ திரும்பி, குனிந்து, என் இடுப்பில் தோளைக் கொடுத்துத் தூக்கி நிலத்தில் அடித்தாய். அவ்வளவு சுத்தமாகச் செய்தாய், மைதானத்தில் உன் பெயரைக் கத்திய அந்தக் கிழவர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். என் தோள் எலும்பு உடைந்தது. நீ என் பக்கத்தில் முழங்காலில் இருந்து, "ஆரம்மா உங்களை விழுத்தினது?" என்று அழுதாய். ஐஸில் வழுக்கி விழுந்தேன் என்று மருத்துவமனையில் சொன்னேன். இந்த ஊரில் அந்த மாதத்தில் அதை நம்பாதவர் இல்லை.

தோள் உடைந்து கிடந்த என்னைப் பார்க்க வந்த என் அண்ணன், உன் மாமா, நடந்ததை விசாரித்துவிட்டு உன் சாதகத்தை எடுத்துப் பார்த்தார். ஏழரைச் சனி என்றார். நீ பட்ட அடிக்கும் சனிபகவானுக்கும் என்ன பகை என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் ஆட்கள் கண்ட மருந்து ஒன்றுதான். குடிக்கிறவனுக்கும் கலியாணம், வேலைக்குப் போகாதவனுக்கும் கலியாணம், புத்தி பேதலித்தவனுக்கும் கலியாணம். ஒருத்தி வந்தால் அடங்குவான் என்றார். நானும்தான் ஓம் என்றேன். தோள் வலித்தது, வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசினார். தகப்பன் இல்லை, அவளுக்குக் கீழே இரண்டு தங்கைச்சிமார். உன்னுடைய இருபத்தைந்து வயதுப் படத்தை அனுப்பினார். அடிபட்டு அடிபட்டுப் பிட்டு உருண்டை மாதிரி ஆகிவிட்ட உன் காதுகளைப் பற்றி நான் கேட்டதற்கு, "தலைப்பாகை கட்டினால் ஆருக்குத் தெரியப்போகுது," என்றார்.

பிறகு உன்னை அவளோடு வீடியோவில் கதைக்க விட்டார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். நீ நல்ல சட்டை போட்டுக்கொண்டு கைபேசிக்கு முன்னால் இருந்தாய். மாமா கைபேசிக்குப் பின்னால், அவளுக்குத் தெரியாத பக்கத்தில், ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். அட்டையில் அவளுடைய பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. நீ அட்டையைப் பார்த்துப் பெயரைச் சொல்லி, "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டாய். அவள் ஓம் என்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அட்டையைப் பார்த்து மறுபடி கேட்டாய். அவள் சிரித்துக்கொண்டு மறுபடி ஓம் என்றாள். அந்த ஒரு அழைப்புக்குள் எத்தனை தரம் கேட்டாய் என்று நான் எண்ணவில்லை. முடிந்ததும் மாமா உன் முதுகில் தட்டி, கெட்டிக்காரன் என்றார்.

அடுத்த நாள் அவளுக்கு நானே போன் எடுத்தேன். அவளுடைய பெயரை இங்கே எழுத மாட்டேன், அவளுக்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"பிள்ளை, அவனுக்குத் தலையில வருத்தம். நேற்றுக் கதைச்சது இண்டைக்கு ஞாபகம் இராது."

"விளையாட்டில அடிபட்டவர் எண்டு மாமா சொன்னவர். சுகம் வந்திடும் எண்டும் சொன்னவர்."

"வராது. கூடும். என்னைத் தூக்கி அடிச்சு என்ர தோள் எலும்பு உடைஞ்சது. உன்னை அடிச்சால் ஆரிட்டைப் போய்ச் சொல்லுவாய்? உனக்குப் பிரெஞ்சு தெரியுமோ?"

"நீங்கள் இருக்கிறியள்தானே மாமி."

"நான் எத்தினை நாளைக்கு."

 அவள் மெல்லச் சொன்னாள்: "எத்தினை தரம் கேக்கிறார் மாமி, நான் சாப்பிட்டனோ எண்டு. எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் என்னைக் கேக்கிறேல்லை."

"அவன் கேட்டதை மறந்து போய்த்தான் கேக்கிறான் பிள்ளை."

"எண்டாலும் கேக்கிறார்தானே."

மகனே, எனக்கு உன்மேல் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைமேல் அதைவிடக் கூடுதலாக வந்தது. இவ்வளவு சொன்ன பிறகும் அவள், "நான் வடிவாய்ப் பாப்பன் மாமி," என்றாள், இரண்டு நாள் காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல. தங்கைச்சிமாரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கனடாவைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது. அவள் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். சொல்ல அவளுக்கு வசதி இல்லை. அவளுக்காக இன்னொருத்தர் சொல்ல வேண்டும், அதுவும், அதற்குப் பிறகும் பெண்ணைக் கொடுத்தால் அவளுடைய தாய் ஊரில் தலைகாட்ட முடியாதபடிக்குச் சொல்ல வேண்டும். பிறகு மாமா வேறு ஒருத்தியைத் தேடுவார், அவளும் எங்கேயோ தகப்பன் இல்லாத வீட்டில்தான் இருப்பாள், அவளுக்கும் வேறு ஒரு அட்டை. அந்தக் கதவையும் சேர்த்துத்தான் அடைக்கிறேன்.

கலியாணம் வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "சரி, உனக்குப் பிறகு இவனை ஆர் பாக்கிறது? அதுக்கு ஒரு மறுமொழி சொல்லு, நான் இப்பவே மண்டபத்தை விடுறன்," என்றார். அவருக்கும் உன்மேல் அன்புதான், அந்த அன்பு உன்னைக் கவனிக்க அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேட்கிறது. என்னிடம் மறுமொழி இருந்தது, அது நல்ல மறுமொழி இல்லை. எனக்குப் பிறகு உன்னை ஒரு பராமரிப்பு விடுதியில் விடுவார்கள். உன் சாப்பாட்டில் உறைப்பு இராது. உன் மொழி அங்கே யாருக்கும் தெரியாது, நீ அம்மா என்று கூப்பிட்டால் என்ன கேட்கிறாய் என்று விளங்காது. ஹைட்டியில் இருந்தோ அல்ஜீரியாவில் இருந்தோ வந்த ஒரு பெண் உன்னைக் குளிப்பாட்டுவாள். நீ கையை நீட்டினால் கூட்டாளியைக் கூப்பிடுவாள், அதற்கு அவளுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறித் தன் வீட்டுக்குப் போவாள். சாவகச்சேரிப் பிள்ளைக்கு அப்படிப் போக ஒரு வீடு இராது. இதைச் சொன்னதும், "பெத்த பிள்ளைக்கு இப்பிடி ஒரு முடிவைக் கேக்கிற தாயை நான் இப்பத்தான் பாக்கிறன்," என்றார். ஓம், நன்றாகப் பாருங்கோ என்றேன்.

இதை ஊருக்குக் கொடுக்கும் முன் உன்னை இருத்தி, இதுவரை எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். உனக்கு இன்னும் இடைக்கிடை தெளிந்த காலைகள் வருகின்றன, அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் வாசித்தேன்.  முடிந்ததும் ஒன்று கேட்டாய்.

"அந்தப் பிள்ளையையும் நான் அடிப்பனோ அம்மா?"

"அடிப்பாய்."

"அப்ப குடுங்கோ."

குடுத்துவிட்டேன். அவளுடைய தாய்க்கும் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். அங்கிருந்து எனக்குப் பதில் வரவில்லை, மண்டபத்தை விட்டாயிற்று என்று மாமா மட்டும் போன் எடுத்துச் சொன்னார். அச்சுக்குப் போகும் முன் இந்தக் கடைசிப் பத்திக்குப் பத்திரிகைக்காரரிடம் இடம் கேட்டு எழுதுகிறேன், ஏனென்றால் நீ கொடுக்கச் சொன்னதையே மறந்துவிட்டாய். நேற்று மத்தியானம் கலியாணத்துக்கு என்று மாமா தைப்பித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எப்போது பிளேன் என்று கேட்டாய். கலியாணம் இல்லை என்றேன். ஆர் நிற்பாட்டினது என்றாய். நான்தான் என்றேன். நீ அழுதாய், பிறகு என்னைப் பார்த்தாய். அப்படி ஒரு வெறுப்பை நான் ஒரு முகத்திலும் கண்டதில்லை. இன்று காலையிலும் அதே சட்டையோடு வந்து அதையே கேட்டாய், அப்படியே அழுதாய், அப்படியே பார்த்தாய். பெண் வீட்டார் மாட்டோம் என்றுவிட்டார்கள் என்று சொல், அவன் உன்னோடு கோபிக்க மாட்டான் என்று மாமா சொல்லித் தருகிறார். அப்படிச் சொன்னால் நீ ஒவ்வொரு நாளும் ஒரு பெண் உன்னை வேண்டாம் என்றதைப் புதிதாகக் கேட்பாய். அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஆகவே நீ கேட்கும் ஒவ்வொரு தரமும் நான்தான் நிற்பாட்டினேன் என்றே சொல்வேன். நான் உயிரோடு இருக்கும்வரை உனக்கு வெறுக்க ஒரு ஆள் உண்டு.